நாணயமும் பாடவேறுபாடும்: உரோமானியக் காசுகளின்வழிச் சங்க இலக்கிய வாசிப்பு – ஒரு திறனாய்வு

முன்னுரை

சங்ககாலத் தமிழரின் கடல் வாணிகத்தைப் பற்றி எழுதுவோரும் கற்பிப்போரும் இரண்டு சான்றுகளை அடுத்தடுத்து வைப்பது நெடுநாளைய வழக்கம். ஒன்று, யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைக் கூறும் அகநானூற்று 149ஆம் பாடல். மற்றொன்று, தமிழ்நாட்டில் கிடைத்த உரோமானிய நாணயங்கள். பாடல் கூறியதை நாணயம் மெய்ப்பித்துவிட்டது என்ற முடிவோடு செய்தி நிறைவுபெற்றுவிடும். வி. கனகசபை 1904இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழகம்' தொடங்கி, மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பழங்காலத் தமிழர் வாணிகம்' வழியாக இன்றைய வகுப்பறை வரை இந்த இணைப்பு பல வடிவங்களில் தொடர்ந்து வந்துள்ளது.

இவ்விணைப்பு தவறன்று. ஆயினும் அது முழுமை பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. பாடலின் ஒவ்வொரு சொல்லையும் பாடவேறுபாட்டோடு ஆராயும் நாம், நாணயத்தை மட்டும் எண்ணிக்கையாகவே காண்கிறோம். எத்தனை நாணயம் கிடைத்தது என்று கேட்கும் அளவிற்கு, எந்த வகை நாணயம், எதனோடு கிடைத்தது, இம்மண்ணில் அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதில்லை. இம்மூன்று வினாக்களையும் எழுப்பினால், பாடலின் சொல்லாட்சியே புதிய தெளிவு பெறுகிறது. நாணயங்கள் ஆற்று மணலிலிருந்து வெளிப்பட்ட துறைமுக நகரமும், காசுமாலை அறிந்த தோட்டப்புறங்களும் கொண்ட மலாக்கா மாநிலத் தமிழாசிரியர்களுக்கு இவ்வினாக்கள் அயலானவையும் அல்ல.

வகைமையும் பாடவேறுபாடும்

உரோமானிய நாணயத்தின் ஒரு பக்கத்தில் பேரரசரின் தலை இருக்கும். மறுபக்கத்தில் தெய்வம், வெற்றிச்சின்னம், கட்டடம், படைவீரர் என ஏதேனும் ஓர் உருவம் இருக்கும். இருபுறமும் எழுத்து ஓடும். தலையும் உருவமும் எழுத்தும் சேர்ந்த அமைப்பையே நாணயவியலார் ஒரு 'வகை' என்பர். ஒரே வகைக்குள்ளும் அச்சுக்கு அச்சு நுட்பமான வேறுபாடுகள் உண்டு. இவ்வேறுபாடுகளைத் தேடித் தொகுப்பதே உரோமானிய நாணயச் சேகரிப்பின் உயிர்நாடி.

தமிழகத்தில் மிகுதியாகக் கிடைக்கும் இரண்டு வெள்ளி நாணயங்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதலாவது, கி.மு. 2 முதல் லுக்துனும் அக்கசாலையில், அதாவது இன்றைய பிரான்சின் லியோன் நகரில், அகஸ்டஸ் வெளியிட்டது. அதன் பின்புறத்தில் அவருடைய பெயரரும் வளர்ப்பு மக்களுமான கையுஸ், லூசியுஸ் இருவரும் கேடயத்தோடும் ஈட்டியோடும் நிற்பர். அவர்களுக்கு மேலே வேள்விக்குரிய அகப்பையும் குறிசொல்வோரின் வளைகோலும் இருக்கும். இவ்விரு கருவிகளும் சில அச்சுகளில் இடம் மாறி நிற்கும். சிலவற்றில் ஓர் எழுத்து கூடுதலாகத் தோன்றும். இரண்டாவது, டைபீரியஸ் வெளியிட்டது. அதன் பின்புறத்தில் கோலும் கிளையும் ஏந்திய பெண் ஒருத்தி அமர்ந்திருப்பாள். அவளைப் பேரரசரின் தாய் லிவியா எனப் பலர் கருதுவர். அவளது இருக்கையின் கால்கள் சிலவற்றில் எளியவை, சிலவற்றில் வேலைப்பாடு கொண்டவை. இருக்கைக்குக் கீழே உள்ள கோடு ஒன்றா இரண்டா என்பதுகூட வேறுபடும்.

இத்தகைய நுட்பங்கள் வெறும் பொழுதுபோக்கிற்கு உரியவை எனத் தோன்றலாம். ஏட்டுச்சுவடிகளோடு பழகியோர் அவ்வாறு கருதமாட்டார்கள். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல பிரதிகளை ஒப்பிட்டார். ஓர் எழுத்தின் வேறுபாடு பிரதிகளுக்கு இடையிலான உறவைக் காட்டும் என்பதைப் பதிப்பாசிரியர் அறிவார். நாணயத்தின் அச்சு வேறுபாடும் அத்தகையதே. எது முன், எது பின், எது மூலம், எது படி என்பதை அது காட்டுகிறது. இந்தியாவில் கிடைத்த வெள்ளி நாணயங்களுக்கிடையே உள்ளூர்ப் போலிகளும் உள்ளன. அவற்றில் இலத்தீன் எழுத்துகள் சிதைந்து வெறும் கோடுகளாகிக் கிடக்கும். தான் அறியாத மொழியின் ஏட்டைப் படியெடுத்தவன் செய்யும் பிழையே உலோகத்திலும் நேர்ந்திருக்கிறது. ஒரே மாதிரி நாணயம் என்று கருதி மிகைப் படிகளை விற்றுவிடும் சேகரிப்பாளர், ஒரே பாடல்தானே என்று கருதி மாற்றுப் பிரதியை எரித்துவிடும் பதிப்பாசிரியரை ஒத்தவர்.

பொன்: பாடலின் சொல்லும் நாணயத்தின் வெட்டும்

புதுக்கோட்டைப் பகுதியின் கறுக்காக்குறிச்சியில் 1898இல் 501 பொன் நாணயங்கள் கொண்ட புதையல் வெளிப்பட்டது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் நாணயங்கள் அதில் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை, பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்தன. வெட்டு எழுத்தின்மேலோ விளிம்பிலோ பரவலாக விழாமல் தலையையே குறிவைத்து அமைந்திருந்தது. அப்புதையலை அதே ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்ட ஜி.எஃப். ஹில், தேய்ந்த நாணயங்களைப் புழக்கத்திலிருந்து விலக்குவதற்காக இவ்வாறு வெட்டியிருக்கலாம் எனக் கருதினார். உலோகத்தின் தூய்மையைச் சோதிக்க வெட்டினர் என்றும், அயல்வேந்தனின் உருவத்தை ஏற்காமையால் வெட்டினர் என்றும் பிறர் விளக்குவர்.

இவ்விளக்கங்களுள் எதை ஏற்றாலும் ஒன்று மாறாது. பேரரசரின் முகம் இங்கு ஆணை செலுத்தவில்லை. நாணயத்தின் மதிப்பு முகத்தில் இல்லாமல் எடையிலும் மாற்றிலும் இருந்தது. இப்பின்னணியில் அகநானூற்றுப் பாடலுக்குத் திரும்பினால், எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் ஆண்ட சொல் 'பொன்' என்பது கவனத்திற்குரியது. யவனர் காசோடு வந்தனர் என்று அவர் பாடவில்லை. முசிறியில் கலங்கள் கொண்டுவந்த பொருளைத் தோணிகள் கரை சேர்ப்பதைக் கூறும் புறநானூற்று 343ஆம் பாடலிலும் பரணர் கையாளும் சொல் பொன்னே. உரையாசிரியரும் பாடநூலாரும் இதைப் 'பொற்காசு' என்று விரித்து எழுதும்போது, புலவர் கண்ட உண்மை மங்கிவிடுகிறது. கப்பலில் ஏறியபோது அது நாணயம். முசிறிக் கரையில் இறங்கியபோது அது பொன். புலவரின் சொல்லும் புதுக்கோட்டை உளியின் வெட்டும் ஒன்றையே கூறுகின்றன.

பொன்னை எடைபோட்டு விற்ற வணிகர் அன்று தனித்த பிரிவினராகவே இருந்தனர். கரூருக்கு அருகிலுள்ள புகளூர்க் குன்றின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் சமணத் துறவியர்க்குப் படுக்கை அளித்ததைப் பதிவு செய்கிறது. கருவூரில் பொன்னை மதிப்பிடத் தெரிந்தோர் இருந்தனர் என்பதற்கு இது அக்காலத்தாரே விட்டுச் சென்ற சான்று.

காசு: உவமை காட்டும் வடிவம்

'காசு' என்ற சொல் சங்கப் பாடல்களில் இல்லாமல் இல்லை. குறுந்தொகை 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், கிளி தன் வளைந்த அலகில் பற்றிய வேப்பம்பழத்திற்கு, புதுநூல் கோப்பவனின் நகநுனியில் உள்ள பொற்காசை உவமையாக்குகிறார். நற்றிணை 274இல் குமிழமரத்தின் உதிர்ந்த பழங்களுக்கும், குறுந்தொகை 148இல் கொன்றையின் அரும்பிற்கும் காசு உவமையாகிறது. இப்பாடல்களைக் காட்டி, உரோமானியப் பொற்காசுகளைத் தமிழ் மகளிர் அணிந்தனர் என வாதிடுவோர் உண்டு.

உவமையின் இலக்கணம் இவ்வாதத்திற்கு இடம் தரவில்லை. வேப்பம்பழம், குமிழம்பழம், கொன்றை அரும்பு ஆகிய மூன்றும் திரட்சி உடையவை, எதுவும் தட்டையானதன்று. கிளியின் அலகில் உள்ள பழத்திற்குத் தட்டையான வட்டத்தகடு எவ்வாறு உவமையாகும்? மேகலையிலும் மாலையிலும் கோக்கப்பட்ட பொன்மணியையே அன்று 'காசு' என்றனர் எனக் கொள்வதே இவ்வுவமைகளுக்குப் பொருந்தும். அச்சிட்ட நாணயம் என்ற பொருள் அச்சொல்லுக்குப் பிற்காலத்தில் வலுப்பெற்றது. எனவே, இப்பாடல்களை உரோமானிய நாணயத்திற்கு நேரடிச் சான்றாக்குவது பொருந்தாது. பொன், அணியாக உருமாறிய ஒரு சமூகத்தின் மனப்பாங்கிற்கு அவை சான்றாகும். அம்மனப்பாங்கை அறிய அதுவே போதும்.

வெள்ளியும் செம்பும்: ஒரே சொல்லில் அடங்காத வாணிகம்

கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் 500க்கும் மேற்பட்ட வெள்ளி நாணயங்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. மேலே விளக்கிய இரு வகைகளே தென்னிந்திய வெள்ளிப் புதையல்களில் திரும்பத் திரும்பத் தலைமை பெறுகின்றன. உரோமில் எத்தனையோ வகைகள் வெளிவந்திருக்க, இங்கு இரண்டு மட்டும் குவிந்தமை தற்செயல் ஆகாது. கி.பி. 64இல் நீரோ வெள்ளி நாணயத்தின் எடையை ஒரு பவுண்டிற்கு 84 என்ற கணக்கிலிருந்து 96ஆகக் குறைத்தார். வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. பழைய வகையின் உருவம் தெரிந்தால் அதன் தரம் தெரியும். இலத்தீன் படிக்கத் தெரியாத வணிகனுக்கு, இரு இளைஞர் நிற்பதும் ஒரு பெண் அமர்ந்திருப்பதும் தரச்சான்றாக அமைந்தன. பொன்னில் முகத்தைப் பொருட்படுத்தாத அதே சந்தை, வெள்ளியில் உருவத்தைத் தேர்ந்தெடுத்து ஏற்றது.

இவ்வேறுபாட்டை உணராமையால் ஒரு பெரும் முடிவே பிழைபட்டது. 1904இல் இந்தியாவில் கிடைத்த உரோமானிய நாணயங்களைத் தொகுத்து ஆராய்ந்த ராபர்ட் சுவெல், நீரோவிற்குப் பிந்தைய நாணயங்கள் அருகுவதைக் கொண்டு வாணிகமும் தளர்ந்தது எனக் கருதினார். அவருடைய தொகுப்பு அரியது. அது இல்லையேல் பிந்தைய ஆய்வுகளே இல்லை. ஆனால் 1985இல் வெளியிடப்பட்ட, வியன்னாவில் உள்ள 2ஆம் நூற்றாண்டின் பாப்பிரசுச் சுவடி வேறு கதையைச் சொல்கிறது. முசிறி வாணிகத்திற்கான கடன் ஒப்பந்தம் அதில் உள்ளது. எர்மபொல்லோன் என்ற கப்பல் கொண்டுவந்த சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 7 மில்லியன் செஸ்டர்ஸ் எனக் கணக்கிடப்படுகிறது. இந்தியா ஆண்டுதோறும் பேரரசிலிருந்து 50 மில்லியன் செஸ்டர்ஸ் ஈர்த்துக்கொள்கிறது என முதல் நூற்றாண்டில் பிளினி வருந்தியதோடு இதனை ஒப்பிட்டால், ஒரு கப்பலின் சரக்கு எத்துணைப் பெரிது என்பது விளங்கும். நாணயம் வரவில்லை என்பதால் கப்பல் வரவில்லை என்று கொள்ள இயலாது. தரம் குறைந்த வகையை இங்குள்ளோர் ஏற்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

செம்பு நாணயங்களின் நிலை முற்றிலும் வேறானது. மதுரையிலும் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் இலங்கையிலும் கிடைக்கும் சிறிய செம்பு நாணயங்களுள் பெரும்பகுதி 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது. கொடி ஏந்திய படைவீரர் இருவர், நின்ற நிலையில் பேரரசர் மூவர், மாலை சூழ்ந்த சிலுவை என அவற்றின் உருவங்கள் கிறித்துவ உரோமின் காலத்தைக் காட்டுகின்றன. தேய்ந்து மெலிந்த அவை அன்றாடச் சில்லறையாகப் புழங்கியவை. இலங்கையில் அவற்றிற்கு உள்ளூர்ப் போலிகளும் மிகுதி. இவற்றுள் ஒன்றின் படத்தை அச்சிட்டுக் கீழே யவனர் பொன்னைப் பற்றிய பாடலைக் குறிப்பது, கம்பராமாயணப் பாடலுக்குச் சங்ககால நடுகல்லைச் சான்றாக்குவதற்கு நிகரான காலமயக்கம்.

இச்சிறு நாணயங்கள் பாத்திரக் கடைக்குச் சென்று உருகாமல் ஆய்வுக்கு வந்தமைக்கு இரா. கிருஷ்ணமூர்த்தியின் பணி முதன்மைக் காரணம். கரூர், மதுரைச் செம்பு நாணயங்களைப் பற்றி 1994இலும், சங்ககாலத் தமிழ் நாணயங்களைப் பற்றி 1997இலும் அவர் எழுதிய ஆங்கில நூல்கள் வகைமையைப் பேணிய பதிவுகள். ஆற்று மணலிலிருந்து வணிகர் வழியாக வந்த நாணயங்களுக்கு மண்ணடுக்கின் சான்று இல்லை என்பது அத்தொகுப்புகளின் தவிர்க்கவியலாத குறை. எதனோடு கிடைத்தது என்ற இரண்டாம் வினாவிற்கு அவை விடை கூறமாட்டா. எனினும், மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்களைத் தமிழ்ப் பிராமியில் தாங்கிய சேரர் வெள்ளி நாணயங்களை எண்ணும்போது, சேகரிப்பின் பயன் புலனாகிறது. வேந்தனின் தலையையும் பெயரையும் ஒரே முகத்தில் பொறிக்கும் வழக்கம் உரோமானிய வகையைப் பார்த்து உருவானது. எழுத்து மட்டும் தமிழ். அயலார் உருவத்தை வெட்டியவர்களும், தேர்ந்தெடுத்தவர்களும், தமக்கென மாற்றி அமைத்தவர்களும் ஒரே தமிழகத்தார்.

உரைகல்லிலிருந்து மலாக்கா வரை

தமிழ்ப் பொற்கொல்லரின் மதிப்பீட்டு அறிவு தமிழகத்தோடு நின்றுவிடவில்லை. நம் தீபகற்பத்தின் வடபகுதியில், தென்தாய்லாந்தின் குளோங் தோம் என்னுமிடத்தில், 'பெரும்பதன் கல்' எனத் தமிழில் பொறித்த உரைகல் கிடைத்துள்ளது. அதன் எழுத்து 3 அல்லது 4ஆம் நூற்றாண்டிற்குரியது. உரோமானியப் பாணியில் உருவம் செதுக்கிய மணிக்கற்களும் அதே இடத்தில் கிடைத்தன. வியட்நாமின் ஒக் ஏயோவில் 1944இல் லூயி மல்லரே நடத்திய அகழாய்வில், அந்தோனினுஸ் பியுஸ் நாணயத்தின் உருவம் பதித்த பொற்பதக்கம் வெளிப்பட்டது. ஆக, உரோமானிய வகை நாணயமாக மட்டுமன்றி அணியாகவும் கிழக்கே பயணம் செய்துள்ளது. அவ்வழியில் ஒரு தமிழனின் உரைகல்லும் கிடந்தது என்பது, மேற்கூறிய 'பொன்' வாசிப்பிற்கு மிகப் பொருத்தமான அடிக்குறிப்பு.

மலாக்கா நகரம் மிகப் பிற்காலத்தது. ஆயினும் அங்கும் இதே வினாக்கள் எழுகின்றன. சுல்தான் முஸாபர் ஷாவின் பெயரை அரபு எழுத்தில் தாங்கிய ஈயக் காசுகளும், 1511இல் நகரைக் கைப்பற்றிய அல்புகெர்க்கே அச்சிட்ட ஈயக் காசுகளும் மலாக்கா ஆற்று முகத்துவாரத்தில் கிடைத்தன. மலாக்கா நாணயத் தொகுப்பொன்றை ஆர். ஹானிட்ஷ் 1903இல் வகைப்படுத்தி எழுதினார். ஒரே உலோகம், முகம் மட்டும் மாறியது. சுல்தானின் பெயருக்குப் பதில் சிலுவையும் வான்கோளமும் வந்தன. இம்மாற்றத்தைத் தம் கண்ணால் கண்டவர்களுள் தமிழ் வணிகர் நைனா செட்டுவும் ஒருவர். போர்த்துகீசியர் அவரைத் தமிழ் வணிகருக்கும் பிற இந்துக்களுக்கும் தலைவராக்கினர். அதே காலத்தில் மலாக்காவில் வாழ்ந்த தோமே பிரேஸ் அவ்வூரின் சிறுகாசைக் குறிக்க ஆண்ட போர்த்துகீசியச் சொல், தமிழ்க் 'காசு' என்பதன் திரிபு எனச் சொல்லாய்வாளர் கருதுவர். குறுந்தொகையில் வேப்பம்பழத்திற்கு உவமையான சொல், மலாக்காச் சந்தையில் ஈயத் தகட்டின் பெயராயிற்று. தவிநாயகர் செட்டி 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் ஆலயம் இன்றும் நிற்கும் தெருவின் மலாய்ப் பெயர் 'ஜாலான் துக்காங் எமாஸ்', அதாவது பொற்கொல்லர் தெரு.

தோட்டப்புற வாழ்விலும் இதன் தொடர்ச்சி உண்டு. புக்கிட் லிந்தாங்கில் 1896இல் தொடங்கிய இரப்பர் பயிரீட்டின் பின்னர் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குப் பொன்னின் அளவு 'பவுன்'. அச்சொல் பிரித்தானியப் பொன் நாணயத்திலிருந்து வந்தது. அதன் எடை 7.98 கிராம், அகஸ்டஸ் காலப் பொன் நாணயத்தின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே. நாணயத்தில் எந்த மன்னரின் தலை இருந்தது என்பதைக் காசுமாலை கோத்தவர்கள் பொருட்படுத்தியதில்லை. அயல் நாணயம் எடையின் பெயராகி, அணியாகி, குடும்பத்தின் சேமிப்பாகிவிட்டது. புதுக்கோட்டையில் உளி செய்ததை இங்கு மொழியே செய்திருக்கிறது.

ஆகவே, மலாக்காத் தமிழாசிரியர் யவனர் பாடலைக் கற்பிக்கும்போது தொலைவான புதையலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 'ஒரு பவுன் சங்கிலி' என்று மாணவர் வீட்டில் வழங்கும் சொல்லிலிருந்து தொடங்கலாம். இல்லத்துப் பூசை மேடையிலும் பெட்டியிலும் உள்ள பழங்காசுகளை வகைப்படுத்தி, யாரிடமிருந்து, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று பதிவு செய்யப் பழக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் நகர்ப்புறத்திற்குப் பெயர்ந்துவிட்ட நிலையில், காசு எஞ்சினாலும் அதன் வரலாறு எஞ்சுவதில்லை. மண்ணில் கண்டெடுத்த மரபுப் பொருளை மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ அறிவிக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின் விதி. இதையும் மாணவர் அறிய வேண்டும். விலைக்கு வாங்கிய உரோமானிய நாணயம் வகையைக் கற்பிக்கும். ஆனால், உரோமானியர் மலாக்காவிற்கு வந்தனர் என்பதற்கு அது சான்றாகாது.

முடிவுரை

உரோமானிய நாணயங்கள் சங்கப் பாடல்களை மெய்ப்பிக்கும் முத்திரைகள் என்ற அளவில் நின்றுவிடாமல், தம்மளவில் வாசிக்கப்பட வேண்டிய பனுவல்கள் என்பது மேற்கண்ட ஆய்வால் புலப்படும். அவ்வாறு வாசித்தால் மூன்று தெளிவுகள் கிட்டுகின்றன. ஒன்று, யவனர் கொணர்ந்ததைப் 'பொன்' என்ற புலவரின் சொல் துல்லியமானது. அதைப் 'பொற்காசு' என விரிப்பது தேவையற்றது. இரண்டு, சங்கப் பாடல்களின் 'காசு' திரண்ட மணியாகக் கொள்ளத்தக்கது. உரோமானிய நாணயத்திற்குச் சான்றாகாது. மூன்று, பொன், வெள்ளி, செம்பு ஆகியவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு முறையில் ஏற்கப்பட்டவை. அவற்றை ஒரே பெருமிதத்தின்கீழ் அடக்குவது வரலாறாகாது.

நம் முன்னோர் அயலாரின் செல்வம் வந்து குவிந்ததால் மட்டும் பெருமைக்குரியவர் ஆகவில்லை. வந்ததை உரசிப் பார்த்து, ஏற்கத்தக்கதை ஏற்று, தகாததை விலக்கிய அறிவால் பெருமை பெற்றனர். சான்றுகளைக் கையாளும் நாமும் அவ்வுரைகல்லை மறவாதிருத்தல் வேண்டும்.